ஞாயிறும் காற்றும் அளந்த நங்கை

கதிரவன் செல்லும் நெறியையும், காற்று இயங்கும் திசையையும், பற்றுக்கோடின்றி நிற்கும் வானத்தின் இயல்பையும் நேரிற் சென்று அளந்து மீண்டவர் போல எடுத்துரைக்கும் அறிஞர் பண்டைத் தமிழகத்தில் இருந்தனர் என்று உறையூர் முதுகண்ணன் சாத்தனார் புறநானூற்றில் குறிப்பிடுகின்றார். காற்றின் இயக்கத்தைத் தன் ஏவலுக்கு உட்படுத்திக் கடலிற் கலம் செலுத்திய சோழர் குலத்து முன்னோன் ஒருவனை, வெண்ணிக்குயத்தியார் என்னும் பெண்பாற் புலவர் அந்நூலிலேயே புகழ்ந்துள்ளார். ஞாயிற்றை அறிதலும் காற்றை ஆளுதலும் மக்களினத்தின் பழம்பெருங் கனவுகள் என்பது இதனால் விளங்கும். அக்கனவு நனவாவதற்கு இன்றியமையாத பணி ஒன்று உண்டு. அஃது அளத்தல் என்னும் பணி. நம் பாரத நாட்டின் மீது பொழியும் கதிரொளியையும், நம் நாட்டிற் வீசும் காற்றையும் பிழையற அளந்து, அவ்வளவுகளை நூல்களாக்கி நாட்டுக்கு அளித்தவர் ஒரு பெண்மணியார். அவரே அன்னா மாணி அம்மையார்.

இப்பணியின் அருமையை அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் வயல்களையும் களங்களையும் நோக்கினாலே போதும். பெரம்பலூரின் கரிசல் மண்ணில் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளைகின்றன. அறுவடைக்குப்பின் உழவர் மக்காச்சோள மணிகளை வெயிலிற் பரப்பி உலர்த்துகின்றனர். களத்தில் குவித்த தானியத்தை முறத்தில் ஏந்திக் காற்றடிக்கும் பக்கம் அறிந்து தூற்றிப் பதரைப் போக்குகின்றனர். வெயிலையும் காற்றையும் இவ்வாறு பயன்கொள்ளுதல் அவர்க்குக் கைவந்த கலை. ஆயினும், இன்று தன் களத்தில் விழுந்த வெயிலின் ஆற்றல் எவ்வளவு என்றோ, ஆடி மாதக் காற்று எத்துணை வலியுடையது என்றோ வினவினால், கடுமையான வெயில், பலத்த காற்று என்றே எவரும் கூறுவர். அவ்விடை உலர்த்துதற்கும் தூற்றுதற்கும் போதும். மின்சாரம் ஆக்குதற்குப் போதாது.

அரியலூரின் நிலையோ வேறு. பன்னெடுங்காலத்திற்கு முன்னர் அந்நிலம் கடலடியாய்க் கிடந்தது. அக்கடல்வாழ் உயிர்களின் ஓடுகள் இன்றும் அங்குக் கல்லாய்ச் சமைந்து காணப்படுகின்றன. அந்நிலத்தின் சுண்ணாம்புக்கல்லைக் கொண்டே சிமெண்டு ஆலைகள் பல அங்கு எழுந்தன. சிமெண்டுச் சூளைகள் பெருவெப்பம் வேண்டுவன. அவ்வெப்பம் பெரும்பாலும் நிலக்கரியை எரித்தே பெறப்பட்டு வருகின்றது. நிலக்கரி எரியுங்கால் புகையும் கரியமில வாயுவும் வெளிப்படுகின்றன; வெட்ட வெட்டக் கரியும் குறைகின்றது. ஞாயிற்றொளியும் காற்றுமோ புகை தாரா. எடுக்க எடுக்கக் குறையா. இக்காரணம் பற்றியே அவற்றைத் தூய ஆற்றல் என்று இக்காலத்தார் வழங்குகின்றனர். ஆயின், எவ்விடத்தில், எத்திங்களில், எவ்வளவு கிடைக்கும் என்று அறியாமல் கோடிக்கணக்கிற் பொருளை முதலிட எவர் துணிவர்? அளவு தெரிந்த பின்னரே ஆக்கம் தொடங்கும். அவ்வளவை நாட்டுக்குத் தந்தவரின் வாழ்க்கை, மாணாக்கர் அறிந்து போற்றத் தக்கதாகும்.

அன்னா மாணி 1918-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 23-ஆம் நாள், அக்காலத்தில் திருவிதாங்கூர் நாட்டைச் சேர்ந்திருந்த பீருமேடு என்னும் மலையூரிற் பிறந்தார். அவர்தம் தந்தையார் கட்டடப் பொறியாளர். பரந்த ஏலக்காய்த் தோட்டங்களும் உடையவர். எதனையும் ஆராய்ந்து தெளிந்த பின்னரே ஏற்றுக்கொள்ளுதல் வேண்டும் என்னும் கொள்கையினர். அவருக்கு மக்கள் எண்மர். அவருள் ஏழாமவர் அன்னா. ஆண்மக்களை உயர்ந்த அலுவல்களுக்கும் பெண்மக்களை நல்ல மணவாழ்வுக்கும் ஆயத்தம் செய்தல் அக்காலத்துச் செல்வக் குடும்பங்களின் வழக்கம். அன்னாவோ சிறு பருவத்திலேயே நூல்களைத் துணையாகக் கொண்டார். எட்டு வயது நிரம்புமுன் தம் ஊர்ப் பொது நூலகத்தில் இருந்த மலையாள நூல்களுள் பெரும்பாலானவற்றைப் படித்து முடித்தார். பன்னிரண்டு வயதிற்குள் அங்கிருந்த ஆங்கில நூல்களுள்ளும் பெரும்பாலானவற்றைப் படித்து முடித்தார்.

அவருடைய எட்டாம் பிறந்த நாளில் நிகழ்ந்த செய்தி ஒன்று அவர் இயல்பை நன்கு விளக்கும். அக்குடும்பத்தின் வழக்கப்படி, பெற்றோர் மகளுக்கு வைரத் தோடு ஒரு சோடி பரிசளிக்க முன்வந்தனர். சிறுமி அதனை ஏற்க மறுத்தாள். தோட்டிற்கு மாற்றாகப் பிரிட்டானியக் கலைக்களஞ்சியத் தொகுதிகளை வாங்கித் தருமாறு வேண்டினாள். காதில் ஒளிரும் கல்லினும் கருத்தில் ஒளிரும் கல்வியே அவளுக்கு இனித்தது. பின்னாளில் அதே வைரத்தை அவர் ஆய்வுப் பொருளாகக் கையில் எடுக்க நேர்ந்தது ஓர் அழகிய பொருத்தமாகும்.

1925-ஆம் ஆண்டு காந்தியடிகள் வைக்கத்திற்கு வந்தார். கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் எல்லா மக்களும் நடக்கும் உரிமை வேண்டி அறப்போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அந்நிகழ்ச்சி திருவிதாங்கூர் நாடெங்கும் புத்துணர்ச்சியை எழுப்பியது. அவ்வுணர்ச்சி அன்னாவின் பிஞ்சு நெஞ்சிலும் பதிந்தது. வளர்ந்த பின்னர் அவர் கதராடையையே உடுத்தலாயினார். தமக்கு வேண்டுவதைத் தாமே ஆக்கிக்கொள்ளாத நாடு தலைநிமிர்ந்து வாழ இயலாது என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது. அந்த வேர் பிற்காலத்தில் எவ்வாறு கிளைத்துக் காய்த்தது என்பதை மேலே காண்போம்.

தமக்கை ஒருத்தி மணவாழ்வை மேற்கொண்டதைப்போல் தாமும் விரைந்து மணம் புரிய அன்னா விரும்பவில்லை. மேலே கற்கவே விரும்பினார். முதலில் மருத்துவம் பயிலும் எண்ணமும் இருந்தது. எனினும் இயற்பியலில் தமக்கிருந்த நாட்டத்தை உணர்ந்து அதனையே தேர்ந்தெடுத்தார். சென்னை மாநகரில் கல்லூரிக் கல்வி கற்று 1939-ஆம் ஆண்டு இயற்பியலில் ஆனர்சுப் பட்டம் பெற்றார். மறு ஆண்டு ஆராய்ச்சி உதவித்தொகை பெற்றுப் பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தை அடைந்தார். நோபல் பரிசு பெற்ற அறிவியலறிஞரான சர் சி. வி. இராமன் அங்கு ஆராய்ச்சி நடத்தி வந்தார். அவருடைய ஆய்வுக்கூடத்தில் அன்னாவுக்கு இடம் கிடைத்தது.

இராமன் அந்நாளில் வைரங்களின் இயல்பை ஆராய்வதில் பெரிதும் ஈடுபட்டிருந்தார். அன்னா முப்பதுக்கு மேற்பட்ட வைரங்களை எடுத்துக்கொண்டு, அவை ஒளியை உட்கொண்டு மீண்டும் வெளிவிடும் தன்மையை ஆராய்ந்தார். அவ்வொளி மிக மெல்லியது. ஒளிப்படத் தகட்டில் அது பதிவதற்கு 15 மணி முதல் 20 மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும். அதுகாறும் வைரத்தைக் கடுங்குளிரில் வைத்துக் காத்தல் வேண்டும். ஆதலின் அவர் பல இரவுகளை ஆய்வுக்கூடத்திலேயே கழித்தார். என்னே அவர்தம் விடாமுயற்சி! 1942-ஆம் ஆண்டு முதல் 1945-ஆம் ஆண்டு வரை வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளிர்வு பற்றி அவர் ஐந்து ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தனித்தே எழுதி வெளியிட்டார்.

அவ்வாய்வுக்கூடத்தில் பெண்கள் மிகச் சிலரே இருந்தனர். ஆடவரும் மகளிரும் கலந்து பழகுவதை இராமன் விரும்பவில்லை. ஆதலால், உடன் பயில்வோர் கூடியிருந்து ஐயம் அகற்றி அறிவைப் பெருக்கிக்கொள்ளும் வாய்ப்பு மகளிர்க்கு அரிதாயிற்று. ஆடவன் ஒருவன் கருவியைக் கையாளுங்கால் செய்யும் சிறு பிழை தற்செயலாய் நேர்ந்ததென மறக்கப்படும். பெண் ஒருத்தி செய்யும் அதே பிழையோ பெண்ணினத்தின் இயலாமைக்குச் சான்றாகக் காட்டப்படும். அத்தகைய சூழலிலும் அன்னா மனம் கலங்காமல் தம் பணியிலேயே கண்ணாயிருந்தார்.

1945-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அவர் தம் ஆராய்ச்சியைத் தொகுத்துச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு முனைவர் பட்டத்தின் பொருட்டு அளித்தார். அக்காலத்தில் பெங்களூர்க் கழகத்தில் ஆராய்ந்தோர்க்குச் சென்னைப் பல்கலைக்கழகமே பட்டம் வழங்கி வந்தது. அன்னா முதுநிலை அறிவியல் பட்டம் பெறவில்லை என்பதைக் காரணங்காட்டி, முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. ஆனர்சுப் பட்டம் பெற்றுள்ளார். உதவித்தொகைக்குத் தகுதியுடையவர் என்று தேர்ந்தெடுக்கப்பட்டு ஐந்தாண்டு ஆராய்ந்துள்ளார். ஆய்வின் முடிவுகளோ அச்சேறியுள்ளன. ஆயினும் விதி என்னும் சுவர் குறுக்கே நின்றது. பட்டம் மறுக்கப்பட்ட அவ்வாய்வேடு, பெங்களூரிலுள்ள இராமன் ஆராய்ச்சி நிலைய நூலகத்தில் பிற ஆய்வேடுகளோடு ஒருங்கு வைக்கப்பட்டது. ஆய்வின் தகுதியில் அதற்கும் பிறவற்றிற்கும் வேறுபாடில்லை. பட்டம் பெற்றதா, பெறாததா என்பதே வேறுபாடு.

இவ்விழப்பு சிறியதன்று. ஆராய்ச்சியாளர்க்குப் பட்டம் என்பது வாயிலைத் திறக்கும் திறவுகோல். அஃதின்றிக் கதவுகள் பல மூடியே கிடக்கும். பிறரெனின் உள்ளம் உடைந்து ஒதுங்கியிருத்தல் கூடும். அன்னாவோ பட்டம் இல்லாமையால் தம் வாழ்வில் குறையொன்றும் நேர்ந்துவிடவில்லை என்றே பிற்காலத்திலும் கருதினார். பட்டத்தை மறுக்கலாம், பெற்ற பயிற்சியை எவரும் பறித்தல் இயலாது. மெல்லிய ஒளியைப் பொறுமையோடு காத்திருந்து பிழையின்றி அளக்கும் பயிற்சியை வைரங்கள் அவருக்கு அளித்திருந்தன. வைரத்தின் ஒளியை அளந்த கை, அடுத்துக் கதிரவனின் ஒளியை அளக்கத் தொடங்கியது.

அதே ஆண்டில் இங்கிலாந்து சென்று பயில அரசாங்க உதவித்தொகை ஒன்று அவருக்குக் கிடைத்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலம் ஆதலின், படைவீரரை ஏற்றிச் செல்லும் கப்பலிலேயே அவர் பயணம் செய்தார். இயற்பியலில் மேலும் ஆராய வேண்டும் என்பதே அவருடைய விருப்பம். ஆயின் அங்கு அவருக்குக் கிட்டிய வாய்ப்போ வானிலைக் கருவிகளைப் பற்றிய பயிற்சியாகும். விரும்பியது ஒன்று, வாய்த்தது மற்றொன்று. வாய்த்ததை வெறுக்காமல் அதனையே தம் வாழ்க்கைப் பணியாக்கிக்கொண்டது அவருடைய அறிவுடைமை. இலண்டனில் உள்ள இம்பீரியல் கல்லூரியைச் சார்ந்து, வெப்பமானி, அழுத்தமானி, மழைமானி, காற்று வேகமானி முதலியவற்றை ஆக்கும் முறையையும் சோதிக்கும் முறையையும் அவர் ஐயந்திரிபறக் கற்றார்.

1948-ஆம் ஆண்டு அவர் தாயகம் திரும்பினார். நாடு விடுதலை பெற்று ஓராண்டே ஆகியிருந்தது. அவர் பூனாவில் இந்திய வானிலைத் துறையின் கருவிப் பிரிவிற் சேர்ந்தார். விடுதலைக்கு முன்னர் எளிய வெப்பமானிகூட வெளிநாட்டிலிருந்தே வந்துகொண்டிருந்தது. ஆட்சி நம் கைக்கு வந்தது. ஆயினும் நம் நாட்டின் மழையையும் வெயிலையும் அளக்கும் கருவி பிறர் கையில் இருந்தது. இந்நிலையை மாற்றுதற்கு எஸ். பி. வெங்கடேசுவரன் என்னும் அறிஞர் பூனாவில் பட்டறை ஒன்றை நிறுவி முயன்றுகொண்டிருந்தார். அன்னா அவருக்கு உற்ற துணையானார். 1953-ஆம் ஆண்டு அப்பிரிவின் தலைமைப் பொறுப்பு அன்னாவை வந்தடைந்தது. அங்குப் பணியாற்றிய ஆடவர் 121 பேர் அவர் ஆணையின்கீழ் அமைந்தனர். ஏறத்தாழ 100 வகைக் கருவிகளுக்கு அவர் தரப்படுத்திய வரைபடங்கள் அமைத்து, அவற்றை உள்நாட்டிலேயே ஆக்கும் பணியைத் தொடங்கினார். காந்தியடிகளின் சுதேசிக் கொள்கை நூற்பாருக்கும் நெய்வாருக்கும் மட்டும் உரியதென்று பலர் எண்ணுவர். அதனை அறிவியற் பட்டறையிலும் நிலைநாட்டியவர் கதருடுத்த இவ்வம்மையார்.

உள்நாட்டிற் செய்வது என்றதனால் தரத்தைத் தாழ்த்துதற்கு அவர் ஒருபோதும் இசையவில்லை. தவறாக அளப்பதினும் அளவாதிருத்தலே நன்று என்பது அவர் கொள்கை. அளவில்லாதவன் தனக்குத் தெரியாது என்பதையேனும் அறிவான். தவறான அளவுடையவனோ தெரிந்தவன் என்று நம்பிக் கெடுவான். ஆகையால் ஒவ்வொரு கருவியும் உயர்ந்த தரக் கருவியோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்ட பின்னரே பட்டறையை விட்டு வெளியேறுதல் வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார்.

1957, 1958 ஆகிய ஆண்டுகள் உலகப் புவிஇயற்பியல் ஆண்டாகக் கொண்டாடப்பெற்றன. பல நாட்டு அறிஞரும் ஒருங்குகூடி நிலத்தையும் கடலையும் வானத்தையும் அளந்த காலம் அது. அவ்வாய்ப்பைப் பயன்படுத்திக்கொண்டு, அன்னா இந்தியாவின் பல பகுதிகளில் கதிரவன் ஒளியை அளக்கும் நிலையங்களை அமைத்தார். தொடக்கத்தில் கருவிகள் வெளிநாட்டிலிருந்து பெறப்பட்டன. விரைவில் அவற்றை அவர் இங்கேயே ஆக்கச் செய்தார்.

கதிரொளியை அளக்கும் கருவிக்குப் பைரனோமீட்டர் என்று பெயர். அதன் அமைப்பு எளியது. கண்ணாடிக் குமிழியொன்றின் கீழ்க் கரிய தகடு ஒன்று இருக்கும். கரிய பொருள் ஒளியை மிகுதியாக ஈர்க்கும் ஆதலின், வெயிலில் அத்தகடு வெப்பம் அடையும். அவ்வெப்பத்திற்கும் கருவியின் வெயிற்படாத பகுதியின் வெப்பத்திற்கும் உள்ள வேறுபாடு, உள்ளமைந்த உலோகக் கம்பிகளின் இணைப்புகளில் சிறிதளவு மின்னழுத்தத்தைத் தோற்றுவிக்கும். அதனை அளந்தால் வெயிலின் ஆற்றல் விளங்கும். மேகமற்ற நண்பகலில் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் ஏறத்தாழ 1000 வாட் ஆற்றல் விழும். காலை, மாலை, முகில் மறைக்கும் பொழுது ஆகிய அனைத்தையும் கூட்டிச் சராசரி கண்டால், தமிழ்நாட்டில் ஒரு சதுர மீட்டர் நிலம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 கிலோவாட் மணி ஆற்றலைப் பெறுகின்றது. நம் வீட்டு மின்கணக்கில் இது 5 யூனிட்டாகும். பெரம்பலூர்க் களத்தில் மக்காச்சோளம் உலரும் ஒரு பாயளவு இடத்தில் இத்துணைச் செல்வம் நாள்தோறும் பொழிகின்றது!

கருவியை நிறுவியதோடு பணி முடிந்துவிடாது. குமிழியின்மேல் தூசி படியும், கரும்பூச்சு வெளிறும், ஆண்டுகள் செல்லச் செல்ல அளவு பிறழும். ஆகவே கருவிகளை அவ்வப்பொழுது தூய்மை செய்தும் தரக் கருவியோடு ஒப்பிட்டும் காத்தல் வேண்டும். நாள் தவறாமல் பல்லாண்டுகள் அளந்தால்தான் ஓர் இடத்தின் உண்மையான இயல்பு வெளிப்படும். ஓராண்டின் மழையைக் கொண்டு ஓர் ஊரின் வளத்தைக் கணிக்கலாகாது. அதுபோன்றதே வெயிலும் என்க.

அன்னாவின் உழைப்பு வேறு துறைகளிலும் பரவியது. வானத்தில் உயர்ந்த பகுதியில் உள்ள ஓசோன் என்னும் வளிப்படலம், கதிரவனின் தீங்கு பயக்கும் கதிர்களைத் தடுத்து உயிர்களைக் காக்கின்றது. அதனை அளப்பதற்கென்று பலூனிற் கட்டி வானில் அனுப்பும் கருவியை 1960-க்குப் பின்னர் அவர் தலைமையில் இந்தியர் உருவாக்கினர். தென்துருவத்தின்மேல் ஓசோன் படலம் மெலிந்த செய்தி 1985-ஆம் ஆண்டில்தான் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. அதற்கு இருபது ஆண்டுகட்கு முன்னரே இந்திய நாட்டிற்கு இத்துறையில் சொந்தக் கருவி அமைந்திருந்தது. உலக ஓசோன் ஆணையத்திலும் அன்னா உறுப்பினராக விளங்கினார். 1963-ஆம் ஆண்டு விக்கிரம் சாராபாய் தும்பாவில் விண்ணூர்தி ஏவுதளம் அமைத்தபோது, அங்கு வானிலை ஆய்வகத்தையும் கருவிகள் பொருத்திய கோபுரத்தையும் நிறுவித் தருமாறு அன்னாவையே நாடினார். அவ்வேண்டுகோளை அவர் இனிது நிறைவேற்றினார். 1969-ஆம் ஆண்டு அவர் தில்லிக்கு மாற்றப்பட்டுத் துறையின் துணைத் தலைமை இயக்குநரானார்; 1976-ஆம் ஆண்டு அப்பதவியிலிருந்தே ஓய்வு பெற்றார்.

ஓய்வு என்னும் சொல்லுக்குச் சோம்பியிருத்தல் என்று பொருள் கொண்டவர் அல்லர் அன்னா. அவர் மீண்டும் பெங்களூர் சென்று இராமன் ஆராய்ச்சி நிலையத்தில் வருகைதரு பேராசிரியராகச் சில ஆண்டுகள் பணியாற்றினார். இருபதாண்டுகளாகத் திரட்டிய அளவுகளைத் தொகுத்து, இந்தியாவின் கதிர்வீச்சுத் தரவுகள் பற்றிய கையேட்டினை 1980-ஆம் ஆண்டு உருவாக்கினார். இந்தியாவின்மேற் பொழியும் கதிர்வீச்சு என்னும் நூலை 1982-ஆம் ஆண்டு வேறோர் அறிஞருடன் சேர்ந்து வெளியிட்டார். நேரே அளக்கப்பட்ட இடங்கள் சிலவே. பிற இடங்கட்கோ, வெயில் காயும் நேரம், முகிலின் அளவு முதலியவற்றைக் கொண்டு கணக்கிட்டு அளவு கூறப்பட்டது. இதனால் கருவி நிறுவப்படாத ஊர்களின் மீது பொழியும் ஒளியையும் மதிப்பிடும் வழி பிறந்தது. கதிரவன் ஒளியால் நீரைச் சூடாக்கவோ மின்சாரம் பெறவோ விரும்பிய பொறியாளர்க்கு அந்நூல்கள் கைவிளக்காயின.

அடுத்து அவர் காற்றின்பால் கருத்தைச் செலுத்தினார். 1983-ஆம் ஆண்டு இந்தியக் காற்றாற்றல் தரவு நூல் வெளிவந்தது. அதன்பின் நாடெங்கும் உயர்ந்த கம்பங்களை நாட்டிக் காற்றின் வேகத்தை அளக்கும் பெரும்பணி அவர் வழிகாட்டுதலில் நடந்தேறியது. மொத்தம் 700-க்கும் மேற்பட்ட இடங்களில் காற்று அளக்கப்பட்டது என்பர். அப்பொழுது அவருக்கு வயது அறுபதைக் கடந்துவிட்டது.

காற்றை அளத்தலில் நுட்பம் ஒன்று உண்டு. காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் ஆற்றல் இருமடங்காவதில்லை, எட்டு மடங்காகின்றது. மும்மடங்கானால் இருபத்தேழு மடங்காகின்றது. ஆகவே வேகத்தை அளப்பதில் நேரும் சிறு பிழையும் ஆற்றலைக் கணிப்பதில் பெரும்பிழையாய் விளையும். வேகமானி 10 என்று காட்ட வேண்டிய இடத்தில் 11 என்று காட்டினால், ஆற்றல் உள்ளதினும் மூன்றில் ஒரு பங்கு மிகுதியாகத் தோன்றும். அதனை நம்பிக் காற்றாலை நாட்டியவர் பொருளிழந்து வருந்துவர். தவறாக அளத்தலினும் அளவாமையே நன்று என்று அன்னா ஏன் கருதினார் என்பது இதனால் தெள்ளிதின் விளங்கும்.

1986-ஆம் ஆண்டு நம் தூத்துக்குடியிலும், குசராத்து, மகாராட்டிர மாநிலங்களின் கடற்கரையிலும் இந்தியாவின் முதற் காற்றாலைப் பண்ணைகள் தோன்றின. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய இடங்களிற் கணவாய்கள் உள்ளன. தென்மேற்குப் பருவக் காற்று அவற்றினூடே நெருக்குண்டு விரைந்து வீசும். ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தலில் வரிசை வரிசையாகச் சுழலும் காற்றாலைகளைக் காண்போர் இதன் உண்மையை உணர்வர். தமிழ்நாடு இன்று காற்று மின்னாக்கத்தில் முன்னணியில் நிற்கும் மாநிலங்களுள் ஒன்று. காற்றாற்றலை ஆராயும் தேசிய நிறுவனமும் சென்னையிலேயே அமைந்துள்ளது. இவ்வளர்ச்சிக்கு உழைத்தோர் பலர். எனினும், எங்கே காற்றாலை நாட்டலாம் என்னும் வினாவுக்கு எண்களால் விடையளிக்கும் நெறியை வகுத்தோருள் முதல் வரிசையில் அன்னாவின் பெயர் நிற்கும்.

காற்றின் வேகத்தையும் கதிரொளியையும் அளக்கும் கருவிகளைச் செய்யும் சிறு பட்டறை ஒன்றையும் அவர் பெங்களூரில் நிறுவினார். 1987-ஆம் ஆண்டு இந்தியத் தேசிய அறிவியற் கழகம் அவருக்குக் கே. ஆர். இராமநாதன் பதக்கம் அளித்துச் சிறப்பித்தது. முனைவர் பட்டம் பெறாத ஒருவர் முனைவர் பலர்க்கு வழிகாட்டியாய் விளங்கினார். பறவைகளை நோக்குதலும் மலைவழி நடத்தலும் நல்லிசை கேட்டலும் அவருக்கு உவப்பான பொழுதுபோக்குகள். 1994-ஆம் ஆண்டு பக்கவாதம் அவரை வருத்தியது. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 16-ஆம் நாள் அவர் திருவனந்தபுரத்தில் இயற்கை எய்தினார். தம் எண்பத்து மூன்றாம் ஆண்டு நிறைவுக்கு ஒரு வாரமே எஞ்சியிருந்தது.

மாணி என்னும் சொல் தமிழில் மணம் புரியாமல் கல்வி கற்கும் மாணவனைக் குறிக்கும். குறிய மாணியுருவில் வந்த திருமால் மூவடியால் உலகளந்தார் என்று புராணம் கூறும். இவ்வம்மையாரும் மணம் புரிந்திலர். வாழ்நாள் முழுதும் கற்பதை நிறுத்திலர். நாட்டின் ஒளியையும் காற்றையும் அளந்தார். குடும்பப் பெயராய் வந்த சொல் அவருக்குக் காரணப் பெயராகவும் பொருந்தியது வியப்பன்றோ?

இக்காலத்தில் தூய ஆற்றல் துறையில் பெண்கள் பலர் ஆராய்ச்சி செய்கின்றனர். அறிஞர் கூடும் அவைகளில் அவர்கள் தம் பல்லாண்டு உழைப்பின் பயனை ஒரே தாளில் படமாகவும் எண்ணாகவும் விளக்கிச் சுவரில் அமைத்து, வருவோர் வினவும் வினாக்களுக்கு விடையிறுக்கின்றனர். அவற்றுட் சிறந்தவற்றைத் தேர்ந்து பரிசளிக்கும் போட்டிகளும் நடைபெறுகின்றன. ஆடவரொடு கூடிப் பேசவும் வாய்ப்பின்றி இரவெல்லாம் தனித்திருந்து வைரத்தின் ஒளிக்காகக் காத்த அன்னாவின் காலத்தோடு இதனை ஒப்பிட்டால், பெண்மக்கள் கடந்து வந்த தொலைவு புலனாகும். எனினும் அத்தாளில் எழுதும் ஒவ்வோர் எண்ணும் உண்மையாயிருத்தல் வேண்டும் என்னும் அறம் மட்டும் அன்றும் இன்றும் ஒன்றே.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களிற் பயிலும் மாணவியர்க்கும் மாணவர்க்கும் வெயில் குறைவில்லாமல் வாய்த்துள்ளது. பள்ளி முற்றத்தில் ஒரு வெப்பமானியை நாட்டி, நாள்தோறும் அதே நேரத்தில் நோக்கி, கண்டதைக் கண்டவாறே ஏட்டிற் குறித்து வருதல் எவர்க்கும் இயல்வதே. ஒரு நாள் மறந்தால் அவ்விடத்தை வெற்றிடமாக விடுதல் வேண்டும். ஊகித்து நிரப்புதல் ஆகாது. பொறுமையும் வாய்மையும் உடைய அவ்வேட்டுப் பணியிலிருந்தே அறிவியல் தொடங்குகின்றது. அதனை வாழ்நாளெல்லாம் வழுவாது செய்தமையால் அன்னா மாணி அம்மையாரின் புகழ், ஞாயிறும் காற்றும் உள்ளளவும் நின்று நிலவும்.